கைப்பக்குவத்தைத் தாளில் இறக்குவது எப்படி? வீட்டுச் சமையல் குறிப்பைப் பகிர ஒரு முழுமையான வழிகாட்டி

"கொஞ்சம் உப்பு, தேவையான அளவு புளி, பதமா வந்ததும் இறக்கிடு." தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாரிடம் சமையல் குறிப்பு கேட்டாலும் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். சொல்கிறவர் எதையும் மறைக்கவில்லை. அதே சட்டி, அதே அடுப்பு, அதே தண்ணீர் என்று காலமெல்லாம் செய்து பழகியவருக்கு அந்தக் 'கொஞ்சம்' துல்லியமான அளவுதான். கேட்டுக்கொண்டு போகிறவருக்குத்தான் அதில் ஒன்றும் இல்லை.

நம் வீட்டில் நூறு முறை செய்து நன்றாக வந்துவிட்டால் அதைச் 'சோதித்துப் பார்த்த குறிப்பு' என்று சொல்லிவிடுகிறோம். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அது பழக்கம், அவ்வளவுதான். நீங்கள் பக்கத்தில் இல்லாமல், போனில் ஒரு சந்தேகமும் கேட்காமல், ஓசூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒருவர் உங்கள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு செய்து, அது உங்கள் வீட்டு ருசிக்கு வந்தால் அன்றைக்குத்தான் அந்தக் குறிப்பு தேறியது. அந்த நிலைக்கு அதை எப்படிக் கொண்டுவருவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தச் சமையலில் தொடங்குவது

கல்யாண பிரியாணியில் தொடங்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது வீட்டில் அடுப்பேறும் ஒன்றை எடுங்கள். ராகிக் களி, கொள்ளுக் கடைசல், நிலக்கடலைச் சட்னி, சாமைச் சோறு, புளிச்சக்கீரைக் கடைசல் மாதிரி ஒன்று. அடிக்கடி செய்வதைத்தான் அடிக்கடி அளந்து பார்க்க முடியும்.

பருவத்துக்கு மட்டும் வருகிற சமையலாக இருந்தால் அந்தப் பருவம் தொடங்கும்போதே உட்கார்ந்துவிட வேண்டும். பிதுக்கம்பருப்புக் குழம்பை மார்கழி, தையில் எழுதினால் மற்றவர்களும் அப்போதே செய்து பார்க்கலாம். பங்குனியில் எழுதிக் கொடுத்தால் பச்சை அவரைக்கொட்டைக்கு எங்கே போவார்கள்? தாள் அடுத்த வருடம் வரை அலமாரியில் கிடக்கும், அதற்குள் உங்களுக்கே பாதி மறந்துவிடும். மாங்காய் ஊறுகாயும் அப்படித்தான். சித்திரை பிறந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்

ஒரு டிஜிட்டல் எடை மிஷின் வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மில்லி கோடு போட்ட ஒரு ஜக், 5 மில்லி, 15 மில்லி அளவுக் கரண்டிகள், ஒரு நோட்டு, ஒரு பேனா. நேரம் பார்க்கக் கைப்பேசி போதும்.

வீட்டில் பழைய படி இருந்தால் அதைத் தண்ணீர் நிரப்பி ஒருமுறை ஜக்கில் ஊற்றிப் பார்த்து, எத்தனை மில்லி என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மெட்ரிக் அளவைக்கு 1956-லேயே சட்டம் வந்தாலும் நம் வீடுகளில் படியும் ஆழாக்கும் இன்னும் போகவில்லை, ஓசூர்ப் பக்கம் 'சேர்' என்ற அளவும் இருக்கிறது. ஒரு வீட்டுப் படியும் அடுத்த வீட்டுப் படியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பவே கூடாது. டம்ளரும் அதே கதைதான்.

பெரியவர்களிடம் கேட்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள்

குறிப்பு உங்களுடையதாக இல்லாமல் ஆயாவுடையதோ மாமியாருடையதோ என்றால், "எவ்வளவு போடணும்?" என்று கேட்டு எழுதுவது வீண். அவர்கள் வாயால் சொல்லும் அளவும் கையால் போடும் அளவும் ஒத்துப்போகாது. செய்யும்போது கூட நின்று, ஒவ்வொன்றும் சட்டியில் விழுவதற்கு முன்னால் பிடித்து அளக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. உப்பு ஜாடி, மிளகாய்த்தூள் டப்பா, எண்ணெய்த் தூக்கு, புளிப் பானை எல்லாவற்றையும் சமையலுக்கு முன்பே எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அவர்கள் பாட்டுக்குச் சமைக்கட்டும். நடுவில் இரண்டாவது முறை ஒரு சிட்டிகை போட்டாலும், கடைசியில் ருசி பார்த்துவிட்டு இன்னொரு கல் உப்பைக் கிள்ளிப் போட்டாலும் பரவாயில்லை. எல்லாம் முடிந்ததும் ஜாடிகளை மறுபடி எடை போடுங்கள். உப்பு ஜாடி முதலில் 412 கிராம், இப்போது 398 என்றால் உள்ளே போனது 14 கிராம். யாரையும் தொந்தரவு செய்யாமல் கணக்கு கிடைத்துவிடும். ஒரே சமையலை வேறு வேறு நாளில் இப்படிப் பார்த்தால் பெரியவர்களின் கை எவ்வளவு நிலையானது என்று தெரியும். மாறினால் ஒரு காரணத்தோடுதான் மாறும். அன்றைக்குப் புளி புதுசாக இருந்திருக்கும், இல்லையென்றால் தக்காளி புளித்திருக்காது.

அளவு ஜாடியிலிருந்து கிடைத்துவிடும், பதம் கிடைக்காது. அதற்குத்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும், அதுவும் சரியான கேள்வியாக. "எத்தனை நிமிஷம் ஆயா?" என்றால், "அதெல்லாம் யார் பார்த்தா கண்ணு, வெந்தா தெரியும்" என்பார்கள். "வெந்துடுச்சுன்னு எதைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று கேளுங்கள். "விரலைத் தண்ணியில நனைச்சுத் தொட்டுப் பாரு, ஒட்டலேன்னா ஆச்சு" என்று பதில் வரும். தாளில் ஏற வேண்டியது அந்தப் பதில்தான். கூடவே கைப்பேசியில் நிமிடத்தையும் பார்த்து அதன் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

தொட்டு, முகர்ந்து, காது கொடுத்துக் கேட்டு அவர்கள் அறிவதை எல்லாம் அந்தந்தப் புலனின் வார்த்தையிலேயே எழுதுங்கள். "தாளிக்கவும்" என்பதைவிட "கடுகு வெடித்துச் சத்தம் அடங்கியதும் கறிவேப்பிலை போடவும்" என்பது தெளிவு. "பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்" என்பது எல்லோரும் எழுதும் வரி, புதிதாகச் சமைப்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. "எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும், மசாலா கரண்டியில் சேர்ந்து வரும், நடுத்தர தீயில் 6 நிமிடம்" என்று எழுதினால் அவருக்குப் பிடி கிடைக்கும்.

விசில் கணக்கை எழுதவே வேண்டாம் என்பது என் கட்சி. மூன்று லிட்டர் குக்கரில் நாலு விசிலும் ஐந்து லிட்டர் குக்கரில் நாலு விசிலும் ஒன்றல்ல. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள்.

ஊர் மாறினால் எது மாறும்

நல்ல குறிப்புகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் வீட்டில் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதால் உங்கள் கண்ணுக்கே படாத விஷயங்கள் இவை.

முதலில் தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. சமையலுக்கு உதைப்பது ஃபுளோரைடு அல்ல, போர் தண்ணீரின் உவர்ப்பும் கடினத்தன்மையும்தான். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலை இளகவிடாது. ஒரே கொள்ளு, ஒரே குக்கர், ஆனால் ஒகேனக்கல் தண்ணீரில் மெத்தென்று வேகும், போர் தண்ணீரில் அதே நேரத்துக்குக் கல்லாகவே நிற்கும். எனவே கொள்ளு, மொச்சை, துவரை வருகிற எல்லாக் குறிப்பிலும் எந்தத் தண்ணீரில் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். போர் தண்ணீர்தான் என்றால் இரவே ஊறவைத்து, வேகவைக்கக் குடிதண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான் போக வேண்டும், புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக அடம்பிடிக்கும். இது உங்களுக்குத் தானாகவே தெரியும், அதனால்தான் எழுத மறப்பீர்கள்.

அடுத்தது குளிர். ஓசூரும் தளியும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தருமபுரி அதில் பாதிதான். தருமபுரியைவிட ஓசூரில் தண்ணீர் கொதிக்கும் சூடு ஒன்றரை டிகிரி அளவுக்குக் குறையும். குக்கரில் சமைத்தால் அது பெரிதாகத் தெரியாது, திறந்த பானையில் பருப்பு வேக வைத்தால் தெரியும். ஆனால் உண்மையான வித்தியாசம் மாவு புளிப்பதில்தான். சித்திரையில் தருமபுரியில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, மார்கழியில் ஓசூரில் மறுநாள் மத்தியானம் வரை அசையாது. அதனால் "இரவு முழுவதும் புளிக்க வைக்கவும்" என்று எழுதாமல், "மாவு ஒன்றரை மடங்கு உயர்ந்து, மேலே குமிழி தெரியும் வரை" என்று எழுதுங்கள்.

மாவு இன்னொரு தலைவலி. ராகியை வாங்கிக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்த மாவு சற்றுக் கரகரப்பாக இருக்கும். பாக்கெட் மாவு நைசாக இருக்கும், தண்ணீரைச் சீக்கிரம் இழுத்துக் கட்டி கட்டும். 2023-ல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டிலிருந்து மில்லுக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு, அப்படியானால் கல் பொறுக்கிக் கழுவுவதையும் குறிப்பில் ஒரு படியாகவே சேர்க்க வேண்டும். மாவை டம்ளரில் அளக்கவும் வேண்டாம். 200 மில்லி டம்ளரில் தளர்வாக அள்ளினால் ஓர் எடை, தட்டித் தட்டி நிரப்பினால் 20, 30 கிராம் கூடிவிடும். களிக்கு அந்த வித்தியாசமே போதும், கெட்டியாகிவிடும்.

புளி நம் மண்ணின் பொருள், அதனாலேயே அதில் அலட்சியம் அதிகம். "எலுமிச்சை அளவு புளி" என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய புதுப்புளியா, போன வருடம் உப்புப் போட்டுப் பானையில் அடைத்த பழம்புளியா? கொட்டை எடுத்ததா, எடுக்காததா? புதுசு வெளுப்பாக, சுள்ளென்று புளிக்கும். பழசு கறுத்து, புளிப்பு மட்டுப்பட்டிருக்கும். "கொட்டை எடுத்த பழம்புளி 25 கிராம், 200 மில்லி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்துக் கரைத்தது" என்று எழுதினால் சென்னையில் இருக்கிறவருக்கும் பிடிபடும்.

தக்காளிக்கும் இதே கவனம் வேண்டும். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளுக்கு வரும் பழங்களிலேயே நாட்டுத் தக்காளிக்கும் ஹைபிரிட்டுக்கும் புளிப்பில் எவ்வளவோ வித்தியாசம். எண்ணிக்கை வேண்டாம், ரகமும் கிராமும் எழுதுங்கள். மிளகாய் என்றால் குண்டா, நீட்டா, ஓசூர்க் கடைகளில் கிடைக்கும் பியாடகியா என்பது வேண்டும். பியாடகி நிறம் கொடுக்கும், காரம் குறைவு. அதை நினைத்து எழுதிய பத்து மிளகாயைக் குண்டு மிளகாயாகப் போட்டால் சாப்பிடுகிறவர் கண்ணில் தண்ணீர்தான். உப்பு கல் உப்பா தூள் உப்பா என்பதையும் விடாதீர்கள், ஒரு கரண்டி தூள் உப்பு ஒரு கரண்டி கல் உப்பைவிட எடை கூடுதல்.

எழுதுகிற முறை

முழுதாக ஒன்றை எழுதிக் காட்டினால்தான் புரியும். ராகிக் களியை எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் தெரிந்தது, அதனாலேயே யாரும் ஒழுங்காக எழுதிவைக்காதது.

ராகிக் களி. ஆறு உருண்டை, ஒரு உருண்டை சுமார் 300 கிராம். ஆகும் நேரம் 45 நிமிடம். அடுப்பு கேஸ், பாத்திரம் 5 லிட்டர் கனமான அலுமினியக் குண்டா. மில்லில் அரைத்த ராகி மாவு 400 கிராம், பச்சரிசி நொய் 100 கிராம், குடிதண்ணீர் ஒன்றரை லிட்டர், கல் உப்பு 8 கிராம்.

நொய்யை இரண்டு முறை கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, நடுத்தர தீயில் வேகவிடவும். 12 முதல் 15 நிமிடத்தில் நொய் நசுக்கினால் மசியும். இப்போது கொதிக்கும் தண்ணீரில் 250 மில்லி எடுத்துத் தனியே மூடி வைக்கவும், இது அவசியம். உப்பைப் போடவும்.

மாவை மொத்தமாக நடுவில் குவித்துக் கொட்டவும். கிளறக் கூடாது. களி கிண்டும் துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் அடி வரை ஒரு குழி குத்தவும், அதன் வழியே கொதி மேலே வரும். தீயைக் குறைத்து மூடி 10 நிமிடம். மேல் மாவு நனைந்து நிறம் மாறியிருக்கும்.

அடுப்பை அணைத்துவிட்டுக் குண்டாவைத் தரையில் ஈரத்துணி மேல் வைக்கவும். ஒருவர் இடுக்கியால் இறுகப் பிடிக்க, இன்னொருவர் துடுப்பால் அடியிலிருந்து சுவரோடு சேர்த்து அழுத்திக் கிண்டவும். இறுகினால் எடுத்து வைத்த சுடுதண்ணீரை இரண்டு கரண்டி, இரண்டு கரண்டியாக விடவும். எல்லாமே தேவைப்படாமலும் போகலாம். மூன்று நிமிடம் விடாமல் கிண்டினால் கட்டி உடைந்து ஒரே நிறத்துக்கு வரும். மறுபடி மூடி மிகக் குறைந்த தீயில் 4 நிமிடம்.

நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் 3 நிமிடம். ஒரு கிண்ணத்தைத் தண்ணீரில் அலசி அதில் களியைப் போட்டு, கையை நனைத்து நனைத்துச் சுழற்றி உருண்டை பிடிக்கவும்.

தவறு நேர்ந்தால்: உடைத்துப் பார்க்கும்போது உள்ளே வெளிறிய மாவு தெரிந்தால், அரை டம்ளர் சுடுதண்ணீர் தெளித்து மூடி 5 நிமிடம் சிம்மில் வைத்து மறுபடி கிண்டவும். பாக்கெட் மாவு என்றால் தண்ணீர் 100 மில்லி கூடுதலாக எடுத்துவைக்கவும். துடுப்பு இல்லாத வீட்டில் சப்பாத்திக் கட்டை போதும், ஆனால் பாதி அளவுக்கு மேல் செய்ய வேண்டாம், கை தாங்காது. மிச்சமான உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம்.

இவ்வளவுதான் குறிப்பு. இதில் "தவறு நேர்ந்தால்" என்ற பகுதியைக் கவனியுங்கள். அச்சில் வரும் சமையல் குறிப்புகளில் அது பெரும்பாலும் இருக்காது. களி கட்டியாகும், குழம்பு நீர்த்துப்போகும், உப்பு கூடும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வந்து என்ன சொல்வாரோ அதைத் தாளில் எழுதிவிட வேண்டும். பாத்திரத்தின் அளவும் அப்படித்தான், சின்னக் குண்டாவில் இதே அளவைப் போட்டால் கிண்ட இடம் இருக்காது.

மூன்று அடுப்பில் சோதனை

எழுதியாயிற்று. இப்போது கொடுக்க வேண்டியது மூன்று பேருக்கு. ஒருவர் உங்கள் ஊர்க்காரர், இந்தச் சமையல் தெரிந்தவர். இன்னொருவர் ஓசூர், பெங்களூரு மாதிரி வேறு தண்ணீர், வேறு குளிர் உள்ள இடத்தில் இருப்பவர். மூன்றாமவர் இதை ஒருமுறைகூடச் செய்யாதவர். கல்யாணமாகிச் சென்னைக்குப் போன தங்கையோ, விடுதியை விட்டு அறை எடுத்துத் தங்கும் தம்பியோ சரியான ஆள். முதலாமவர் ருசி சரியா என்று சொல்வார், இரண்டாமவர் அளவைச் சொல்வார். தாளில் நீங்கள் எழுதாமல் விட்டதை எல்லாம் காட்டிக்கொடுப்பவர் மூன்றாமவர்தான்.

கொடுத்த பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இது கஷ்டமான வேலை. "மாவு போட்டதும் கிளறிடாதே" என்று போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சோதனை போயிற்று. அந்த வார்த்தை தாளில் இருக்க வேண்டியது. தாளிலேயே பேனாவால் கிறுக்கித் திருப்பித் தரச் சொல்லுங்கள். செய்து முடித்தவரிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே யார் இல்லை என்பார்கள்? "எந்த இடத்தில் நின்று யோசிச்சீங்க? எதை மறுபடி படிச்சீங்க? எந்தப் பொருள் கிடைக்கல?" என்று கேளுங்கள். நின்று யோசித்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி சேர வேண்டும்.

மூவரில் இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால் தப்பு தாளில்தான். ஒருவர் மட்டும் என்றால் அவர் அடுப்பையோ மாவையோ விசாரியுங்கள். திருத்திய பிறகு மூன்றாமவரிடமே மறுபடி கொடுக்க வேண்டாம், அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. புது ஆளைப் பிடியுங்கள்.

கூட்டமாகப் பகிர

தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான், கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. 2004-ல்தான் தனி மாவட்டமானது. குழுக் கூட்டம் என்பது ஊருக்கு ஊர் ஏற்கெனவே இருக்கிறது, சமையல் குறிப்புக்குத் தனியாக ஒரு கூட்டம் கூட்டத் தேவையில்லை. கணக்கு முடிந்த பிறகு அரை மணி நேரம் போதும். ஒருவர் ஒன்றைச் செய்து எடுத்துவர வேண்டும், கூடவே தாள் நகல்களும். சாப்பிட்டுப் பார்க்காமல் தாளை மட்டும் வாங்கிப் போகிறவருக்கு எந்த ருசியை நோக்கிச் செய்கிறோம் என்பதே தெரியாது.

எனக்குப் பிடித்த முறை, ஒரே சமையலை இரண்டு வீட்டார் செய்து வருவது. இந்தப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற வீடுகள் ஒரே தெருவில் இருக்கும். புளிச்சக்கீரைக் கடைசலை இருவர் கொண்டுவந்தால், ஒருவர் பூண்டும் காய்ந்த மிளகாயும் வறுத்துக் கடைந்திருப்பார், இன்னொருவர் பச்சை மிளகாயோடு பருப்பையும் சேர்த்திருப்பார். எது சரி என்று பஞ்சாயத்து வைக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனித் தாளாக எழுதுங்கள். நடுவில் ஒரு சமரசக் குறிப்பு உண்டாக்கினால் இரண்டு வீட்டு ருசியும் போய்விடும்.

யாருடைய குறிப்பு என்பதை மேலேயே எழுதுங்கள், அவரைக் கேட்டுவிட்டு. சில வீடுகளில் ஊறுகாய்ப் பொடியின் விகிதத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். அது அவர்கள் விருப்பம், நச்சரிக்கக் கூடாது. அதைவிட மோசம், ஒன்றை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுப்பது. கொடுப்பதென்றால் முழுதாகக் கொடுங்கள், இல்லையென்றால் "இதைக் கொடுக்கறதில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். புத்தகத்தில் இருந்து எடுத்ததை எங்கள் வீட்டுக் குறிப்பு என்று கொடுப்பதும் சரியில்லை. பொருள்களின் பட்டியலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, ஆனால் ஒருவர் எழுதிய வரிகளும் எடுத்த படமும் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வரும்.

கட்டாயம் சேர்க்க வேண்டிய எச்சரிக்கைகள்

உங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஒவ்வாமல் போனதில்லை என்பது அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. நிலக்கடலை, பால், முட்டை, எள், மீன் சேர்ந்திருந்தால் தலைப்புக்குக் கீழேயே தெரியும்படி எழுதுங்கள். கோதுமை ஆகாதவருக்காக ராகிக் குறிப்பைக் கொடுக்கும்போது கட்டிப் பெருங்காயத்தை மறந்துவிடாதீர்கள், கடையில் விற்கும் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும்.

மரவள்ளிக்கிழங்குக் குறிப்பில் தோலை முழுதாக உரித்து, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கசப்பு ரகத்தில் அது இன்னும் அதிகம், அந்தக் கிழங்கை வீட்டுச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. அதைப் பயிரிடும் காட்டுக்காரர்களுக்கு இது தெரியும், நகரத்தில் உங்கள் தாளைப் படிக்கிறவருக்குத் தெரியாது.

மாங்காய் ஊறுகாய்க்கு எந்த மாங்காய் என்பது முக்கியம். கிருஷ்ணகிரியில் கூழ் ஆலைகளுக்குப் போகும் கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு குறைவு, ஊறுகாய்க்கு நல்ல புளிப்புள்ள நாட்டுக் காய்தான் நிற்கும். உப்பைக் குறைத்துச் செய்கிற குறிப்பு என்றால் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி எழுதுங்கள். வெளியே வைத்தால் எவ்வளவு நாள், ஈரக் கரண்டி படலாமா, பூஞ்சை வந்தால் மேலே வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்ற கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்தான், ஜாடியோடு கொட்டிவிட வேண்டும்.

"சர்க்கரை குணமாகும்", "மூட்டுவலி போகும்" என்று எதையும் சேர்க்காதீர்கள். ராகியில் கால்சியம் நிறைய, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்பது உண்மை. அதற்காக ஒரு களி உருண்டை மருந்தாகிவிடாது. சர்க்கரை உள்ளவர் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர் டாக்டர் சொல்லட்டும்.

ஐம்பது பேருக்குச் செய்ய

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நாலு பேர் குறிப்பைப் பன்னிரண்டால் பெருக்கினால் வராது. பெரிய அண்டாவில் தண்ணீர் ஆவியாகிற விகிதம் குறைவு, அதனால் பெருக்கி வருகிற தண்ணீரில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, கடைசியில் பார்த்து ஊற்றுங்கள். உப்பு, மிளகாய், தாளிப்பு எண்ணெய் மூன்றையும் முக்கால் பங்கில் தொடங்கி ருசி பார்த்துக் கூட்டுங்கள். கொதி வரும் நேரம் நீளும், கொதித்த பிறகு வேகும் நேரம் பெரிதாக மாறாது. கூழுக்கு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பதால் அண்டாவுக்குப் பாதி மட்டும் நிரப்புங்கள், ஆடிக் காற்றடித்தாலும் மாவு பொங்கத்தான் செய்யும். பெரிய அளவில் ஒருமுறை செய்து பார்த்த பிறகு அதைத் தனித் தாளாக எழுதிவிடுங்கள். சின்னத் தாளின் ஓரத்தில் "50 பேருக்கு இப்படி" என்று கிறுக்கி வைத்தால் அடுத்த ஆடியில் அது யாருக்கும் புரியாது.

திருத்தம் வந்துகொண்டே இருக்கும்

தாள் ஊருக்குள் போனதும் யாராவது மாற்றிச் செய்வார்கள். நொய்க்குப் பதில் சாமை போட்டேன், இன்னும் நன்றாக வந்தது என்பார்கள். நல்லதுதான். அதை உங்கள் தாளில் கலந்துவிடாமல், கீழே அவர் பெயரில் "சாமை போட்டுச் செய்தது" என்று தனிப் பத்தியாக, அவர் எடுத்த அளவோடு சேருங்கள். அளவு சொல்லாமல் "கொஞ்சம் குறைச்சேன்" என்றால் ஜக்கைக் கொடுத்து அளந்து வரச் சொல்லுங்கள்.

உங்கள் சொந்த அளவிலேயே திருத்தம் வந்தால் மேல் மூலையில் தேதியை மாற்றுங்கள். "தை 2024", "ஆவணி 2025" என்று போட்டிருந்தால், கூட்டத்தில் ஒருவர் கையில் பழைய நகல் இருப்பது உடனே தெரிந்துவிடும். புது நகல் கொடுக்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிடுங்கள். அதில் அவர் பேனாவால் ஏதாவது குறித்திருந்தால் மட்டும் கிழிப்பதற்கு முன் உங்கள் நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.